ஃபெபியின் கறுப்பு

மே மாதக் கடைசி சனிக்கிழமை, கோடை விழாக் கூட்டம் ஏரியைச் சுற்றி நெரிந்துகொண்டிருந்த அன்று, ஃபெபி ஸ்டுடியோவை விட்டு வெளியேறினாள். ஏற்காடு கடைவீதியில் அவள் ஏழு வருஷம் எடிட்டிங் செய்த இடம். சீசன் நேரத்தில், அதுவும் அப்படி ஒரு நாளில், யாராவது வேலையை விடுவார்களா? அவள் விட்டாள்.

திரையில் இருந்தது கிளியூர்ப் பெண் ஒருத்தியின் கல்யாணப் படம்.

"இன்னும் கொஞ்சம் வெளுக்க வைம்மா" என்றார் முதலாளி டோமினிக்.

"இதுக்கு மேல வெளுத்தா மூக்கு காணாமப் போயிருமுங்க."

"மூக்கை யாரு கேட்டா?"

ஃபெபி தன் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். நாங்கள் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச். நான் நாலு வருஷம் கேமராவோடு ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அடுத்து எங்கே போகலாம் என்று மேப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ எடு, நான் எடிட் பண்றேன். கறுப்பு வெள்ளை மட்டும்" என்றாள். மேப்பை மூடிவிட்டேன்.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்! கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக மாற வேண்டும் என்பதைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நம் தோலில் இருப்பது பெரும்பாலும் ஆரஞ்சும் சிவப்பும். ஆரஞ்சைத் தூக்கினால் முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். ஸ்டுடியோக்களில் அதைத்தான் செய்வார்கள். ஃபெபி அதைக் கீழேயே வைத்துக்கொண்டு, கன்ன மேட்டிலும் புருவத்தின் அடியிலும் மட்டும் வெளிச்சத்தைத் தடவித் தடவி ஏற்றுவாள். "கறுப்புன்னா ஒண்ணேதான்னு நெனைக்கறாங்க. இந்த ஒரு கன்னத்துலயே எத்தனை கறுப்பு இருக்குது பாரு!" என்று கத்துவாள். பார்ப்பேன். இருக்கும்.

அவளுடைய அம்மா தெரசம்மாளுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. ஆளுங்க தேடி வரலைன்னா ஸ்டுடியோவுக்கே திரும்பிப் போயிரணும்" என்றார். ஃபெபி ஒப்புக்கொண்டாள்.

ஆகஸ்டில் முதல் ஆர்டர் வந்தது. வெள்ளக்கடையில் புது வீடு கட்டியிருந்த ஜீப் டிரைவர் ஜெயபிரகாஷ், தன் அம்மா ஆராயியின் முகத்தை ஆளுயரத்தில் பாதிக்கு ஹாலில் மாட்ட வேண்டும் என்றார். காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்க வைத்து எடுத்தேன். வெயிலும் பனியும் பட்டு ஆராயியம்மாவின் கன்னத்தில் சிவப்புத் திட்டுகள். ஃபெபி சிவப்பை மட்டும் ஏற்றினாள். திட்டுகள் போன இடம் தெரியவில்லை. மழை நின்ற பாறைபோல முகம் மினுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம்.

புதுமனை புகுவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் படத்தைக் கொண்டுபோனோம். ஆராயியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார், சிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றது. கை தன் நெற்றிக்குப் போனது.

அவருடைய கணவர் அங்கப்பன் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, நான் உசுரோடதானுங்க நிக்கறேன்?"

படத்தில் பொட்டு இல்லை. சிவப்பை ஏற்றியபோது குங்குமமும் தோலின் சாம்பலோடு கரைந்துவிட்டது. எங்கள் வீடுகளில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. வெறும் நெற்றி எங்கள் கண்ணுக்கு வித்தியாசமாகவே படவில்லை.

"கொஞ்சம் குங்குமம் எடுத்துக் கண்ணாடி மேலயே வெச்சுட்டா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், அங்கப்பனின் தங்கை ராசாத்தி பாய்ந்து வந்தார்.

"அட சாமி! செத்தவங்க படத்துக்குத்தான் அப்படிப் பொட்டு வெப்பாங்க. மொதல்ல எங்கண்ணனை அனுப்புனீங்க, இப்ப அண்ணியையும் அனுப்பறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெபி சிரிக்கவில்லை. "சேலத்துல பிரிண்ட் போடற லேப் மூடறதுக்குள்ள போயிரலாமுங்களா?" என்று ஜெயபிரகாஷைக் கேட்டாள்.

ஜீப் மலையிறங்கியது. மடியில் லேப்டாப். "வளைவு வருதுங்க!" என்று ஜெயபிரகாஷ் கத்தும்போதெல்லாம் ஃபெபி விரலைத் தூக்கிக்கொள்வாள். ரோடு நேரானதும் பொட்டை மட்டும் வட்டமாக வளைத்து, அதற்குள் சிவப்பை இறக்குவாள். அடுத்த வளைவில் வட்டம் கோணலாகப் புருவத்துக்கு ஓடும். அழித்துவிட்டு மறுபடி. அடிவாரம் வரும்போது பொட்டு கன்னங்கரேலென்று உட்கார்ந்திருந்தது. லேப்காரர் ஷட்டரைப் பாதி இழுத்திருந்தார். குனிந்து உள்ளே நுழைந்தோம்.

மறுநாள் விருந்துக்கு முன்னால் புதுப் படம் சுவரில் ஏறியது. ஆராயியம்மா வெகுநேரம் பார்த்தார். "இது நானுங்க" என்றார்.

"பொட்டு சரி. ஆனா நொம்ப கறுப்பா இருக்குதே! கொஞ்சம் வெளுப்புப் போட்டிருந்தா என்ன?" என்றார் ராசாத்தி.

"தாலி கட்டறப்பவும் இதே கலருதான். நான் வெளுக்கட்டும்னு காத்துட்டா இருந்தேன்?" என்றார் அங்கப்பன். சிரிப்பில் பந்தியே அதிர்ந்தது.

ஆனால் கை கழுவிவிட்டுப் போன ஒருவர்கூட எங்களிடம் படம் கேட்கவில்லை. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் போயின. லாட்ஜுக்கு வந்த ஒரு பெங்களூர் ஜோடி மட்டும் படம் எடுத்துக்கொண்டது. டிசம்பர் பிறந்ததும் தெரசம்மாள் டோமினிக்கிடம் பேசியேவிட்டார்.

சர்ச்சில் குடில் கட்டிக்கொண்டிருந்தபோது ஃபெபியின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. சத்தமாக வைத்தாள்.

"கண்ணு, வெள்ளக்கடை ராசாத்தி பேசறேன். அண்ணன் ஊட்டுக்குப் போறப்பெல்லாம் அந்தப் போட்டோவைப் பாத்துப் பாத்து என்னால முடியல. அண்ணி கன்னத்துல வெளிச்சம் நிக்குதே, அது எனக்கும் நிக்குமா? நான் அவங்களுக்கு மேல ஒரு படி கறுப்பு. எங்கூடக் காப்பி பறிக்கறவங்களும் எடுத்துக்கணும்னு ஒரே ரகளை. ஞாயித்துக்கெழமை நீங்க சர்ச்சு முடிஞ்சு வர்றதுக்குள்ள ஜீப்புல வந்துருவோம். வெளுக்க கிளுக்க வெச்சிராத சாமி, சண்டைக்கு வந்துருவேன்."