கொடியில் காய்ந்த சட்டை

பாவாத்தாள் பத்தொன்பது வயதில் நூற்பு மில்லுக்குள் போனவள். முப்பது வருடம் நின்றுகொண்டே கோனில் நூல் சுற்றினாள். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறி ஏறி, பூவின் வாசமே மறந்துபோயிருந்தது. வேலையை விட்ட பிறகு சூலூர் வீட்டின் பின்புறம் ஜாதிமல்லிக்கு ஒரு பந்தல் போட்டாள். முதல் பூ விரிந்த சாயங்காலம் அதன் வாசம் அவளுக்குத் தெரிந்தது. அன்று அவள் சமைக்கவில்லை. புருஷன் ஐயாசாமிதான் கடைக்குப் போய்ப் புரோட்டா வாங்கி வந்தார்.

பந்தலைச் சுற்றிக் கத்திரி, வெண்டை, ஒரு பப்பாளி என்று சேர்ந்தன. "எனக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதானுங்க" என்பாள்.

இந்தச் சித்திரையில் மகள் சண்முகப்ரியாவுக்கு உடுமலையில் இரண்டாவது குழந்தை பிறந்தது. மாமியார் இல்லாத வீடு. பாவாத்தாள் போகத்தான் வேண்டும். புறப்படும்போது புருஷனிடம் கறாராகச் சொன்னாள்.

"ஏனுங்க, ஒருநா விட்டு ஒருநா தண்ணி உடோணும். செடி வாடுச்சுன்னா ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துருவேன்."

"போ அம்மணி, நானென்ன சின்னப்பையனா? தெனமும் போட்டோ அனுப்பிப்போடறேன்."

அனுப்பவும் செய்தார். காலையில் பேரனைக் குளிப்பாட்டி முடிக்கிற நேரத்துக்குப் படம் வந்துவிடும். பூத்த பந்தல், பிஞ்சுவிட்ட கத்திரி, பப்பாளி. எல்லாவற்றின் ஓரத்திலும், துணிக்கொடியில் அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை.

"ஏனுங்க, தெனமும் இந்த ஒரு சட்டையத்தான் தொவைக்கறீங்களா? மத்ததெல்லாம் எலி தின்னு போட்டுதா?" என்று போனில் கேலி செய்தாள்.

"இதுதான் காத்தோட்டமா இருக்குது" என்றார் அவர்.

பக்கத்தில் பால் கொடுத்துக்கொண்டிருந்த சண்முகப்ரியா சிரித்தாள். "நீ இல்லாட்டி அப்பாவுக்குச் சட்ட மாத்தக்கூடத் தெரியல போம்மா."

வைகாசிக் கடைசியில் திரும்பிய பாவாத்தாள், பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனாள். பந்தலில் சுள்ளிதான் இருந்தது. தொட்டால் ஒடிந்தது. கத்திரிப் பாத்தி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் தம்பிதுரை கட்டுகிற புது வீட்டுச் சுவர்கள் ஈரம் சொட்ட நின்றன. அவள் வீட்டு போர்வெல்லிலிருந்து ஒரு பச்சைக் குழாய் மதிலேறிப் போயிருந்தது.

மதிலுக்கு மேலாகத் தலை நீட்டினான் தம்பிதுரை. "வந்துட்டீங்களா அண்ணி? மல்லிக்கெல்லாம் மனசு உடாதீங்க. நர்சரில நல்ல செடியா நானே வாங்கித் தாரனுங்க!"

அவள் திரும்பிப் புருஷனைத்தான் பார்த்தாள்.

"போர்ல தண்ணி எறங்கிப்போச்சு அம்மணி" என்றார் ஐயாசாமி. "ரெண்டுல ஒண்ணுக்குத்தான் பத்தும். செவுத்துக்கு ஊத்தாட்டி வெடிச்சுப்போயிரும்னான் தம்பி."

"அப்பறம் அந்தப் போட்டோவெல்லாம்?"

"நீ போன அன்னிக்கு ஒரு ஆசையில நெறைய எடுத்து வெச்சிருந்தேன்." அவர் குரல் இறங்கியது. "வாடுதுன்னு பிரியாகிட்டச் சொன்னேன். அம்மாகிட்டச் சொல்லாதீங்கப்பா, கெளம்பி வந்துரும், நான் கைக்கொழந்தைய வெச்சுட்டு என்ன பண்ணுவேன்னா. இருக்கறதையே ஒண்ணொண்ணா அனுப்புங்கன்னு அவதான் சொன்னா."

பாவாத்தாளுக்கு மகளின் அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. தெரிந்தே சிரித்திருக்கிறாள். தன்னைக் கேட்டிருந்தால் உடுமலையிலேயே இருந்திருப்பாளா, செடிக்காக ஓடி வந்திருப்பாளா, அது அவளுக்கே தெரியாது. ஆனால் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

மறுநாள் காலை உடுமலையிலிருந்து படம் வந்தது. தொட்டிலில் பேரன். 'குட்டி நல்லா இருக்கான்மா' என்று கீழே எழுதியிருந்தது.

"எப்படிச் சிரிக்கறான் பாரு!" என்று எட்டிப் பார்த்தார் ஐயாசாமி.

பாவாத்தாள் பேரனின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, தொட்டிலுக்குப் பின்னால் கொடியில் என்ன துணி காய்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.