ஒற்றை வரிச் சாட்சி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். தேதி, நேரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் நீதிமன்றத் தட்டச்சர். சாட்சி சொல்வதை அடித்து, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது என் வேலை. எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பங்களாக்காரர் பேசினால் இருமல்கூட விடாமல் ஏறும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடிசை ஆள் கூண்டில் ஏறினால், தலைமை எழுத்தர் என் காதருகே குனிவார். "இழுத்துக்கிட்டே போவாங்கப்பா. சுருக்கிப் போடு."

அப்படித்தான் ஒரு தாய் அரை மணி நேரம் அழுது சொன்னதை, 'மகன் வீட்டில் இருந்ததாகச் சொல்கிறாள்' என்று ஒரே வரியில் முடித்தேன். அவள் பெருவிரலில் மை தடவி அழுத்தியதும் நான்தான். திருட்டுப் பட்டம் கட்டி மகனுக்கு ஏழு வருடம். 'தாயின் சாட்சியில் விவரம் இல்லை' என்றது தீர்ப்பு.

மேல்முறையீட்டுக்கு அந்த வழக்குக் கட்டு மறுநாள் காலை பத்து மணிக்குப் போயாக வேண்டும். அலுவலகத்தில் நான் மட்டும். வீட்டிலும் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. வெளியே கொட்டும் மழை.

மாலை 6.10. கதவருகே அந்தத் தாய் நின்றாள்.

நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் உட்காரவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

"ஐயா, நான் சொன்னது அத்தனையும் போட்டீங்களா?"

"போட்டாச்சும்மா."

"படிங்க."

படித்தேன். அந்த ஒற்றை வரி ஒரு மூச்சுக்குக்கூட வரவில்லை.

அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். திருட்டு நடந்த அன்று கூரை ஒழுகியது. மகன் மேலேறித் தார்ப்பாய் கட்டினான். ராத்திரி எட்டரை வரை. கீழே விளக்குப் பிடித்தவர்கள் மூன்று பேர்... பேர் பேராகச் சொன்னாள். என் விரல்கள் தாமாக ஓடின.

டக்... டக்... டக்...

7.05. நான்கு பக்கம்.

மைப்பெட்டியை அவளே இழுத்தாள். ரேகை வைத்தாள்.

அப்போதுதான் பார்த்தேன். அவள் சேலை நனையவில்லை. தரையில் ஈரமில்லை.

கதவு... உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது.

போட்டது நான்.

திரும்பினேன். யாருமில்லை.

காலையில் நான்கு பக்கத்தையும் தலைமை எழுத்தரிடம் நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தம்மா செத்துப்போய் ஒம்பது நாளாச்சுப்பா. இதை உள்ள வச்சா உன் வேலைதான் போகும்."

பயந்துவிட்டேன். கிழித்துப் போட்டேன். ஒற்றை வரியையே தைத்து அனுப்பினேன்.

நேற்று அந்தக் கட்டு மேல் நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்தது. மேலே ஒரு குறிப்பு: 'சாட்சியின் கைநாட்டு இல்லை. நேரில் அழைத்து மீண்டும் விசாரிக்கவும்.'

பிரித்துப் பார்த்தேன். நான் விரலைப் பிடித்து வாங்கிய ரேகை இருந்த இடம் வெறும் வெள்ளைத் தாள். அழித்த தடம்கூட இல்லை.

மகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். அந்த அம்மாவுக்கு அழைப்பாணை அடிக்க வேண்டியவன் நான்.

இன்றும் எல்லோரும் போய்விட்டார்கள். அவருக்காகக் கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன்.

மணி 6.09.