கடைக்குப் போன மெல்லிய கம்பி

அலவத்துகொடையில் எங்கள் கடை ரோட்டோரம்; வீடு வயலைத் தாண்டிப் பள்ளத்தில். தலைப்பிள்ளை உயிரில்லாமல் மௌத்தாகப் பிறந்ததால், அடுத்தது வயிற்றில் இருந்தபோது தனியாக இருக்கவே எனக்குப் பயம். வலி வந்தால் கத்திக் கூப்பிடவும் முடியாது. பெண்பிள்ளையின் குரல் ரோட்டுக்குக் கேட்கக்கூடாது என்பது மாமியின் சட்டம். அதனால் என் கணவர் பெல் போட்டார். பொத்தான் என் கட்டிலருகே. பெல்லும் பேட்டரியும் கடையில்.

தூரம் கூடினால் மின்சாரம் வழியிலேயே இளைத்துவிடும், தடித்த கம்பி எடுங்கள் என்று கண்டிக் கடைக்காரர் சொன்னாராம். இவர் மெல்லியதையே வாங்கி வந்தார்.

"பாம்பின் கால் பாம்பறியும். விலை கூடினதத் தள்ளிவிடப் பாக்கிறான்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையூற்றிலிருந்து எங்கள் வாசலுக்குத் தண்ணீர் கொண்டு வரும் மூங்கில் பீலிதான் நினைவுக்கு வந்தது. ஊற்றடியில் கொட்டுகிற தண்ணீர், அந்த ஒடுங்கிய மூங்கிலில் இவ்வளவு தூரம் வருவதற்குள் சொட்டாகிவிடும்.

சோதித்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு. கடைகள் இன்னும் திறக்கவில்லை. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. நான் அழுத்தியதும் அவர் சந்தோஷமாக ஓடி வந்தார்.

"கேட்டிச்சு."

"சனம் இருந்தாலும் கேக்குமா?"

"கேட்டிச்சுதானே. சும்மா பயப்படாத."

அடுத்த சந்தை நாளில் மாமி ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிருந்தார். எனக்குப் பனிக்குடம் உடைந்தது. பொத்தானை அழுத்தினேன். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தி, விரலை எடுக்காமலே பிடித்திருந்தேன். அங்கே அடிக்கிறதா இல்லையா என்று இங்கே தெரிய வழியில்லை. அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று நம்புவதா, கத்துவதா? தலைப்பிள்ளையின் நீலம் பாரித்த உதடு கண்ணுக்குள் வந்தது. அல்லாஹ்வே, இதையும் எடுத்துவிடாதே என்று அழுதேன்.

வாசல்வரை தவழ்ந்து போய்க் கத்தினேன். எனக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. சந்தைச் சனமெல்லாம் திரும்பிப் பார்த்ததாம். அவர் வயலுக்குள் விழுந்தடித்து ஓடி வந்தார். பின்னாலேயே மருத்துவிச்சியும் வந்தாள்.

மகள் அழுதுகொண்டே பிறந்தாள்.

மறு சந்தை நாளில் மாமியை அழுத்தச் சொல்லிவிட்டு, அவர் பெல்லடியிலேயே நின்றிருக்கிறார். அதன் சுத்தியல் நடுங்கியதாம். கடை இரைச்சலில் சத்தம் மட்டும் கேட்கவில்லையாம். அன்றே கண்டிக்குப் போய்த் தடித்த கம்பி வாங்கி வந்தார்.

பிள்ளை பெற்ற நாற்பது நாள் கழிந்ததும், "இப்ப அழுத்திப் பாரு, காதைப் பிளக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்க் காத்திருந்தார். நான் பொத்தான் பக்கமே போகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, ரோட்டுக்குக் கேட்கும்படி அவரைக் கூப்பிட்டேன். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.