முகத்தோடு ஒத்துப்போகாத தைராய்டு ரிப்போர்ட்

1. கவுண்டரில் உட்கார்ந்த நாள்

மலேசியாவில், ஈப்போவில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். பெரும்பாலும் உள்ளே, ரத்தத்தை அளக்கிற அனலைசர் மெஷினுக்குப் பக்கத்தில்தான். நோயாளி என்றால் எனக்கு பார்கோடு ஒட்டிய ஒரு டியூப். முகம் தெரியாது. அப்படி முகம் தெரியாமலேயே ஒரு பெண்ணின் தைராய்டு ரிப்போர்ட்டை மூன்று முறை சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன். நான்காவது முறை அவரை நேரில் பார்த்தேன். அன்று ரத்தம் எடுக்கிற பெண் லீவு போட்டிருந்ததால் என்னைக் கவுண்டரில் உட்கார வைத்திருந்தார்கள்.

பெயர் பரமேஸ்வரி. முப்பத்தெட்டு வயது. டவுனிலிருந்து அரை மணி நேர தூரத்தில், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிற தாமான் குடியிருப்பில் வீடு. ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். டாக்டர் கொடுத்த ஃபாரத்தில் ‘புதிய கிரேவ்ஸ் நோய், கார்பிமசோல் தொடங்குமுன்’ என்று எழுதி, ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லியிருந்தது.

கிரேவ்ஸ் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை விரட்டி விரட்டி வேலை வாங்குகிற நோய். ஆள் மெலிவார், வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கார்பிமசோல் அந்த வேகத்தை அடக்குகிற மாத்திரை.

என் எதிரில் உட்கார்ந்தவரோ ஸ்வெட்டர் போட்டிருந்தார். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே பை கட்டியிருந்தது. ரத்தம் எடுக்கக் கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. நாடியைத் தொட்டுப் பார்த்தேன். மெதுவாக அடித்தது.

“குளிருதா?” என்றேன்.

“எப்பவும் குளிருதுக்கா. எல்லாரும் வேர்க்குதுங்கிறாங்க, நான் மட்டும் ஃபேன ஆஃப் பண்ணுறேன்.” குரல் கரகரவென்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்து வந்தது.

“எடை குறைஞ்சிருக்கா?”

“குறையிறதா? ஏழு கிலோ ஏறிருச்சு லா.”

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, ஒன்னு கேட்கவா? இந்த நோய்க்குத் தூக்கம் வருமா? போன வாரம் வேன் ஓட்டும்போதே கண்ணு மூடிருச்சு. ஒரு செகண்ட்தான். முழிச்சுப் பார்த்தா டயர் ரோட்ட விட்டு எறங்கிப் புல்லுல ஓடுது. பக்கத்துல பெரிய சாக்கடைக் காண். பிள்ளைங்க ஆட்டம் காட்டுறேன்னு நெனச்சு சிரிச்சுச்சுங்க. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.”

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது, “பாத்துப் போங்க” என்பது மட்டும்தான். பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் மதிய டிரிப்புக்குப் போக வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

2. மெஷின் பொய் சொல்லவில்லை

கவுண்டரை வேறொருவரிடம் விட்டுவிட்டு உள்ளே போய் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஹஷிமோட்டோ. அதுவும் எதிர்ப்புச் சக்தியால் வருகிற நோய்தான், ஆனால் சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். அதைக் காட்டுகிற ஆன்ட்டி-டிபிஓ அப்போதே எக்கச்சக்கம். குறைகிற ஹார்மோனுக்கு ஈடாகத் தைராக்ஸின் மாத்திரை போட்டு நன்றாக இருந்திருக்கிறார். நான்கு மாதத்துக்கு முன்னால் திடீரென்று, சுரப்பி வேகமெடுத்தால் குறைகிற டிஎஸ்எச் கீழே விழுந்திருந்தது, தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 மேலே போயிருந்தது. மருந்து அதிகம் என்று டாக்டர் பாதியாகக் குறைத்தார். ஆறு வாரம் கழித்தும் அதே எண்கள். மருந்தையே நிறுத்தினார். மறுபடியும் அதே எண்கள். சரி, ஹஷிமோட்டோ கிரேவ்ஸாக மாறிவிட்டதோ என்று, அதே சாம்பிளில் கிரேவ்ஸை உறுதி செய்கிற டிராப் டெஸ்ட்டும் கேட்டார். சில பேருக்கு அப்படி மாறுவது உண்டு. டிராப் பாசிட்டிவ். மூன்று ரிப்போர்ட்டிலும் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயர்.

டிராபுக்கு வந்த சாம்பிளில் மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தது. எடுத்து மறுபடி ஓட்டினேன். முன்பு வந்த எண்ணே வந்தது. மெஷினின் தரச் சோதனையான கியூசி பாஸ். காலிபரேஷன் சரி. டியூப் மாறியிருக்குமோ என்று பார்கோடை மூன்று தடவை பார்த்தேன். அதுவும் சரி.

எங்கள் மேனேஜர் ஞானப்பிரகாசத்திடம் போய்ச் சொன்னேன்.

“மெஷின் ஓகே, கியூசி ஓகே. அப்புறம் என்னா ஜெசிந்தா? நோயக் கண்டுபுடிக்கிறது டாக்டர் வேலை லா.”

“அந்தப் பொண்ணப் பாத்தா கிரேவ்ஸ் மாதிரி இல்ல சார். சுத்தமா எதிர்ப்பக்கம் இருக்கு.”

“நீ முகத்தப் பாத்து டிஎஸ்எச் சொல்லப் போறியா? டாக்டர் பாத்துக்குவாங்க.”

டாக்டர் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். வேன் டிரிப்பை விட முடியாமல் பரமேஸ்வரி ரிப்போர்ட்டை வாட்சப்பில் அனுப்புவார், டாக்டர் போனில் பதில் சொல்வார், வீட்டுக்காரர் போய் மருந்து வாங்கி வருவார். நான்கு மாதமாக அந்த முகத்தை எந்த டாக்டரும் பார்க்கவில்லை.

என் மேஜைக்குத் திரும்பினேன். வேறு வழி தெரியாமல் டெஸ்ட் ரசாயனமான ரீஏஜென்ட் பெட்டிக்குள் வருகிற மடித்த காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். பொடி எழுத்து. ‘இடையூறுகள்’ என்ற பகுதியில் அது இருந்தது. பயோட்டின் என்கிற வைட்டமினை அதிக அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு முடிவு மாறி வரலாம்.

எங்கள் கிட்டில் அளக்க வேண்டிய பொருளைப் பிடித்து நிறுத்துவதற்குப் பயோட்டினைத்தான் கொக்கி மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால் கொக்கி மாட்ட வேண்டிய இடத்தையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும். அப்போது டிஎஸ்எச் குறைவாகத் தெரியும். டி4, டிராப் இரண்டையும் தலைகீழ் முறையில் அளப்பதால் அவை கூடுதலாகத் தெரியும். அச்சு அசலாகக் கிரேவ்ஸ் மாதிரியே.

இதைப் பற்றிக் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய சுற்றறிக்கை ஃபைலில் இருந்தது. ‘படித்தேன்’ என்று கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். என் கையெழுத்து இரண்டாவது.

3. எடுக்காத போன்

மணி ஒன்று இருக்கும். பரமேஸ்வரிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை போடும்போதுதான் உறைத்தது. அவர் இப்போது வேனில் இருப்பார். தூங்கி வழிகிற ஒருவர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார், அவருடைய கைப்பையில் நான் போனை அலற விடுகிறேன். சட்டென்று கட் பண்ணினேன்.

“வேன் நிறுத்துனதும் கூப்பிடுங்க. புது மாத்திரை போட வேணாம்” என்று மெசேஜ் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அது எந்தப் பக்கம் போகிறது என்று ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். காலையில் அவரை உட்கார வைத்து, வீட்டுக்காரரை வரச் சொல்லியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? வரிசையில் நான்கு பேர் நின்றார்கள், அவ்வளவுதான்.

இரண்டே முக்காலுக்கு அவரே கூப்பிட்டார்.

“என்னாக்கா, ஏதும் சூசாவா, பிரச்சனையா?”

“பிள்ளைங்கள எறக்கிட்டீங்களா?”

“எல்லாம் எறக்கியாச்சு.”

மூச்சு விட்டேன். “வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?”

“ஒன்னும் இல்லியே.”

“வைட்டமின்? சத்து மாத்திரை? யாராச்சும் குடுத்தது?”

“முடி கொட்டுதுன்னு ஒரு கேப்சூல் சாப்பிடுறேன். சிநேகிதி விக்கிறா. அது மருந்து இல்லக்கா, முடிக்குத்தான்.”

“எப்ப இருந்து?”

“அஞ்சு மாசம் இருக்கும்.”

பாட்டிலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பயோட்டின், பத்து மில்லிகிராம். ஒரு நாளைக்கு இரண்டு.

உடனே அவருக்கு மருந்து கொடுக்கிற டாக்டர் வசந்தியின் கிளினிக்குக்குப் போன் போட்டேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. கேப்சூலையும், வேனில் கண் மூடியதையும் சொன்னேன். டாக்டர், “கார்பிமசோல் காலையிலேயே வீட்டுக்காரர்கிட்ட குடுத்து அனுப்பிட்டேனே. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லியிருக்கேன்” என்றார். ஏற்கெனவே அணைந்து கொண்டிருக்கிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

அவரே பரமேஸ்வரியை அழைத்துப் பேசினார். மாத்திரை வேண்டாம், கேப்சூலை நிறுத்து, மூன்று நாள் கழித்து ரத்தம் கொடு, நாளைக்கே கிளினிக்குக்கு வா. வேன் மட்டும் ஓட்டாதே. அதைக் கேட்டதும் பரமேஸ்வரி எனக்குப் போன் போட்டுக் கத்தினார்.

“நான் ஓட்டலன்னா அடுத்த வாரமே வேற ஆளப் புடிச்சிருவாங்க! அக்காகிட்ட நம்பிச் சொன்னேன், நீங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களே!”

“ஆமா, சொன்னேன்” என்றேன். “அந்தக் காண் பக்கத்துல நாளைக்கும் நீங்க போவீங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கம் வராது.”

மறுபக்கம் அழுகை கேட்டது. மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வேனை எடுத்தார்.

4. நாலாவது நாள்

மூன்று நாள் கழித்து எடுத்த ரத்தத்தை நானே மெஷினில் வைத்தேன். பதினெட்டு நிமிடம். திரைக்கு முன்னால் நின்றேன், உட்கார முடியவில்லை. டிஎஸ்எச் அளக்கக்கூடிய எல்லையையே தாண்டிவிட்டதால், சாம்பிளை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டு என்று மெஷின் காட்டியது. டி4 தரையில் கிடந்தது. டிராப் நெகட்டிவ்.

ஞானப்பிரகாசம் பின்னால் வந்து நின்று பார்த்தார். திருத்திய ரிப்போர்ட்டில் முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

தைராக்ஸினை மறுபடி தொடங்கினார்கள். சில வாரம் கழித்துப் பரமேஸ்வரி ரத்தம் கொடுக்க வந்தபோது ஸ்வெட்டர் இல்லை. ஊதல் வடிந்து முகத்தில் எலும்பு தெரிந்தது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

“நாலு மாசமா வீடு கூட்டல, சமைக்க முடியல. பிள்ளைங்க மேல எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். மாமியாரு சோம்பேறின்னாங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சேன். பேப்பர்ல உடம்பு வேகமா ஓடுதுன்னு போட்டிருக்கு, அப்ப நான்தானே சோம்பேறி?”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். சரி என்றாரா, இல்லை என்றாரா தெரியவில்லை.

5. இளையவர்களுக்கு

அந்த வாரமே ஞானப்பிரகாசமும் நானும் பழைய ரிப்போர்ட்டுகளைத் தோண்டினோம். இதே மாதிரி எண்கள் வந்த எல்லாருக்கும் போன் போட்டு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டோம். மூன்று பேர் பயோட்டின் சாப்பிட்டிருந்தார்கள். அவர்களுக்கு மறுபடி டெஸ்ட் செய்து கொடுத்தோம். பாரிட் புந்தார் என்கிற ஊரில் ஒரு பெண்ணை மட்டும் பிடிக்க முடியவில்லை. போன் நம்பர் வேலை செய்யவில்லை. அனுப்பிய கிளினிக் மூடிவிட்டது. கடிதம் போட்டேன், திரும்பி வந்தது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கியூசி பாஸ் என்றால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தைராய்டு டெஸ்டுக்கு வருகிறவரிடம் “மருந்து சாப்பிடுறீங்களா” என்று மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணும் ஆளும் ஒத்துப்போகவில்லை என்றால் ரிப்போர்ட்டைப் பிடித்து வையுங்கள், டாக்டருக்குப் போன் போடுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பாரிட் புந்தார் பெண்ணின் பெயரும் அடையாள அட்டையான ஐ.சி. நம்பரும் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற அன்று லேபில் இருந்தவர்களிடம் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எங்காவது அந்தப் பெயர் வந்தால், ரத்தம் எடுப்பதற்கு முன்னால் முகத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.