துண்டுக்குள் முடிந்த பேரம்

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, வண்டி நம்பரும் இருக்கிறது. நம்பரை மட்டும் இங்கே எழுதவில்லை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில், ஒரு தோல் பட்டறை வாசலில் அந்தச் சாம்பல் நிறக் கார் இன்றைக்கும் நிற்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் போய் அதன் இடது பக்கக் கதவை இழுத்துப் பார்க்கலாம். திறக்கும். கழற்றி வைத்த செருப்புக்கே உத்தரவாதம் இல்லாத ரோட்டில் பூட்டாமல் நிற்கிற கார் கதவு அது ஒன்றுதான்.

வண்டிக்குச் சொந்தக்காரன் பைசான். முப்பத்தெட்டு வயது. பூர்வீகம் மேலப்பாளையம், வீடு நெருள், பட்டறை தாராவி. தோல் வியாபாரத்தில் மூன்றாவது தலைமுறை. ஒரு தோலைத் தொட்டால் ஆடு எந்தப் பக்கம் படுத்துத் தூங்கியது என்று சொல்வான். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், ஆனால் விலை அவன் சொன்ன இடத்தில்தான் நிற்கும்.

அவனுக்கு ஒரு அண்ணன். ஜெயினுலாப்தீன். அண்ணனை பைசான் கூப்பிடுவது காக்கா என்று. பட்டறையின் மூளை அவர்தான். பத்தொன்பது வயதில் தோல் சீவுகிற மிஷின் அவருடைய வலதுகை மோதிர விரலில் பாதியைத் தின்றுவிட்டது. தியோனார் தோல் சந்தையில் இன்றைக்கும் பழைய ஆட்கள் துண்டுக்குள் கைவிட்டுத்தான் விலை பேசுவார்கள். ஒருவர் விரலை இன்னொருவர் பிடிக்க வேண்டும். எத்தனை விரலோ அத்தனை விலை. முழுக் கையையும் மூடிப் பிடித்தால் பேரம் முடிந்தது. மூடாமல் கையை உருவக் கூடாது. துண்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. காக்காவின் அரைவிரல் அந்தத் துண்டுக்குள் பிரசித்தம்.

“பாய், இந்த அரைக்கு என்ன கணக்கு?” என்று கேலி செய்வார்கள்.

“அது உனக்கு டிஸ்கவுண்ட்ல” என்பார்.

பைசானுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். சரக்கைக் கண்ணால் பார்க்காமல் துண்டுக்குள் கைவிடாதே.

போன வருஷம் ஜூலையில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரைக்கு, தோல் வாங்க தியோனார் போனார் காக்கா. ஒன்பதே முக்காலுக்கு சயான் ஆஸ்பத்திரியிலிருந்து போன். யாரோ ஒருவர் காரில் கொண்டுவந்து வாசலில் சேர்த்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போய்விட்டாராம். நெஞ்சுவலி. முடிந்துவிட்டது.

பைசான் எல்லாம் செய்தான். குளிப்பாட்டினான், தூக்கினான், மண் போட்டான். அழவில்லை. மறுநாளும் இல்லை. நாற்பதாம் நாளும் இல்லை. பிரியாணியும் பச்சைத் தண்ணீரும் ஒரே ருசி. மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்தால் சிரிக்க வேண்டும் என்று ஞாபகம் வைத்துச் சிரித்தான்.

“ஒரு தடவை அழுதுருங்க” என்றாள் மனைவி ரஷீதா.

“வரலையே ரஷீதா” என்றான். கடையில் ஸ்டாக் இல்லை என்று சொல்வது போல.

பதினோரு மாசம் கழித்து, நண்பன் ஒருவன் தன் டர்போ காரில் அவனை ஏற்றிக்கொண்டு வாஷி பாலத்தில் ஒரு மிதி மிதித்தான். பைசானின் வயிறு ஒரு நொடி கீழே இறங்கி மேலே வந்தது. அவ்வளவுதான். ஆனால் ஏதோ ஒன்று தெரிந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். பழைய வேகக் கார் ஒன்று வாங்குவது. தினம் நெருளிலிருந்து தாராவி. காலையில் ஐந்து நிமிஷம், திரும்பும்போது ஐந்து நிமிஷம் உணர்ச்சி வந்தால் போதும். அப்படியே ஒரு நாள் அழுகையும் வந்துவிடலாம்.

ஒன்றரை மாசம் பார்த்தான். பதினான்கு வண்டி. மூன்று லிட்டர் செடான் ஒன்று... லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர். வண்டியை வாங்குகிறோமா, பெட்ரோல் பங்கைத் தத்தெடுக்கிறோமா என்று கேட்டுவிட்டு வந்தான். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, தாராவி ஸ்பீடு பிரேக்கரில் வயிறு கிழியும். இன்னொன்றில் கிளட்சு அம்மிக்கல். சயான் டிராஃபிக்கில் நானூறு குதிரை சக்தியும் கைவண்டிக்குப் பின்னால்தான் நகரும் என்று அவனுக்குத் தெரியும். வேகமும் வேண்டும், தினம் ஓட்டவும் வேண்டும், பின்னால் நாலு கட்டு தோலும் வைக்க வேண்டும்.

பதினைந்தாவது வண்டி மாட்டுங்காவில். வைத்தீஸ்வரன் என்று ஒரு ரிட்டையர்டு பேங்க் ஆபீசர். வண்டி அவர் மகன் ஆதர்ஷுடையது. ஜெர்மன் ஹேட்ச்பேக், ஆறு வருஷப் பழசு, டர்போ, ஆறு கியர், கையால் மாற்றுவது. சாந்தமான முகம், உள்ளே மிருகம்.

“பையன் பெங்களூர் போயிட்டான். ஒரு வருஷமா ஓட்டறதே இல்லை” என்றார் வைத்தீஸ்வரன். “நன்னா ஓடும், கேட்டேளா. பிக்கல் பிடுங்கல் ஒண்ணும் கிடையாது.”

பைசான் விரலால் பார்த்தான். கதவு ஓரம், பானெட் விளிம்பு, டயர் தேதி, டிரைவர் சீட்டின் தோல். எல்லாம் சரி. கடைசியில் கியர் பிடி. நல்ல கன்றுத் தோல். அதில்... நகம் அழுந்திய தழும்பு.

மூன்று தழும்பு. ஆழமாக. டிரைவர் பக்கம் இல்லை. இடது பக்கம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் வலதுகையால் இறுக்கிப் பிடித்த மாதிரி. இரண்டு தழும்பு, ஒரு இடைவெளி, பிறகு மூன்றாவது.

வேறு யாராவது யோசித்திருப்பார்கள். பைசான் வியாபாரி. குறையைக் கண்டதும் அவனுக்குப் பயம் வராது, விலைதான் வரும்.

“தோல் போச்சே சார். மாத்தணும்.”

அந்த மூன்று தழும்புக்குப் பன்னிரண்டாயிரம் குறைத்தான்.

முதல் நாள், திங்கள்கிழமை. காலை நெருளில் கிளம்பினான். வாஷி பாலத்தில் மிதித்தான். வயிறு இறங்கியது. சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று, தூரத்தில். மான்குர்த் தாண்டி தியோனார் சிக்னலில் நின்றான்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் மணி. அவன் பெல்ட் போட்டிருந்தான். டாஷ்போர்டில் எரிந்தது பக்கத்து சீட்டின் விளக்கு. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்கிறது வண்டி.

சீட் காலி. மணி 8:41.

சென்சார் கெட்டுப்போயிருக்கும். முன்னாலேயே தெரிந்திருந்தால் இன்னும் ஐயாயிரம் குறைத்திருக்கலாம். அந்த வருத்தம்தான் வந்தது அவனுக்கு. கையை நீட்டி, காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினான்.

மணி நிற்கவில்லை.

சயானில் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது தானாக நின்றது. 9:12.

செவ்வாய் அரை மணி முன்னால் கிளம்பினான். பாலத்தில் லாரி ஒன்று படுத்துவிட்டது. தியோனார் சிக்னலில் நின்றபோது... 8:41. டிங்.

புதன் தாமதமாகக் கிளம்பினான். ரோடு காலி. தியோனார் சிக்னல்... 8:41. டிங்.

வியாழன் கோவண்டியில் மெக்கானிக் நகுலிடம் விட்டான். நகுல் பக்கத்து சீட்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தான்.

“பாய், மணி எங்கே அடிச்சுது?”

“வண்டியிலதான்.”

“இங்க ஒயரே இல்லை பாய். யாரோ எப்பவோ வெட்டி எடுத்திருக்காங்க. அடிக்க வழியே நஹி.”

“அடிக்குதே.”

நகுல் காசு வாங்கவில்லை. கோவண்டியில் ஒரு மெக்கானிக் காசு வேண்டாம் என்றால் பயப்பட வேண்டும். பைசானுக்கு அந்தப் பயமும் வரவில்லை. மரத்துப்போனவனுக்கு அது ஒரு சௌகரியம்.

வெள்ளிக்கிழமை. சந்தைத் துண்டு பின்சீட்டில் கிடந்தது. 8:38. ஏசி குளிர் நேராக இடதுகையில் அடித்தது. கியர் பிடி ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. ஏசியைக் குறைத்தான். குளிர் குறையவில்லை. பின்னால் கைவிட்டுத் துண்டை எடுத்து, கையோடு சேர்த்துக் கியர் மேல் போட்டுக்கொண்டான்.

ஒரு தோல்காரன் செய்யக் கூடாத காரியம் அது. அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

8:41. டிங்... டிங்...

பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்தான்.

முதல் கியர் விழுந்தது. தள்ளியது அவன் இல்லை.

துண்டுக்குள் ஏதோ நகர்ந்தது. இடது பக்கத்திலிருந்து. அவன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிரித்து எடுத்தது. பிடித்தது.

இரண்டு.

பைசான் துண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை. சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், கை மூளையைக் கேட்கவில்லை. திரும்பி ஒரே ஒரு விரலைப் பிடித்தது.

ஒன்று.

பிடித்த விரல்... பாதியில் முடிந்தது. நுனி இல்லை.

டிங்...

பின்னால் ஹாரன். முன்னால் பஸ். பக்கத்தில் யாரும் இல்லை.

மறுபடி அவன் இரண்டு விரலைப் பிடித்தது அது.

இரண்டு.

“காக்கா” என்றான். பயத்துக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓத ஆரம்பித்தான். பாதியில் மறந்துபோனது.

ஒன்று என்று பிடித்தான். அது இரண்டு என்றது. செம்பூர் தாண்டியது. சுன்னாபட்டி தாண்டியது. ஒன்று... இரண்டு... ஒன்று... இரண்டு...

9:10. ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தது.

பிடி இறுகியது. கெஞ்சுகிற மாதிரி.

மூடாமல் உருவக் கூடாது.

சரக்கு என்ன என்று அவன் கேட்கவில்லை.

மூடினான்.

ஒரு நொடி... முழுக் கையும் அவன் கைக்குள் இருந்தது. பிறகு கியர் பிடி மட்டும்.

மணி நின்றது.

9:12.

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூரிலிருந்து ஆதர்ஷ் போன் செய்தான். வண்டியை பைசான் பெயருக்கு மாற்ற அவன் போனுக்கு ஓடிபி வந்திருந்தது. ஆறு எண்களையும் சொன்னான். பிறகும் வைக்கவில்லை.

“பாய்... அந்த சைடு சீட்... மணி அடிக்கறதா?”

“அடிச்சுது” என்றான் பைசான்.

“காலி சீட்டுக்கு மணி அடிச்சுண்டே இருந்தது, ஒயரை நான்தான் வெட்டச் சொன்னேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. போன வருஷம் ஜூலை, தியோனார் சிக்னல்ல ஒருத்தர் ஃபுட்பாத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். அவரே கதவைத் திறந்து ஏறினார், பெல்ட் மட்டும் போட்டுக்கலை. பேச்சே இல்லை. தோள்ல இருந்த துண்டை எடுத்து கியர் மேல என் கையை மூடினார். உள்ள ரெண்டு விரலை பிடிச்சுண்டே வந்தார். ரெண்டு... ரெண்டு... எனக்கு ஒண்ணும் புரியலை பாய். ஆஸ்பத்திரி வாசல்ல கையை உருவிண்டேன். அவர் கியரை இறுக்கிண்டார். விடவே இல்லை. ஸ்ட்ரெச்சர்காரா வந்துதான் பிரிச்சா. போலீஸ், கேஸுன்னு பயந்து ஓடி வந்துட்டேன்.”

“மணி என்ன?”

“ஏறினப்போ 8:41. என் ஆபீஸ் கால் ஒண்ணு அப்போதான் வந்தது, போன்ல இருக்கு.”

போனை வைத்துவிட்டு பைசான் பீரோவைத் திறந்தான். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒரு வருஷமாக மடித்தபடி இருந்தது. அன்றைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியதோடு சரி, அவன் படித்ததே இல்லை. முதல் தடவையாகப் படித்தான்.

கொண்டுவந்த நேரம், 9:12.

கீழே டாக்டரின் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி. உடல் விறைத்திருக்கிறது. உயிர் பிரிந்து குறைந்தது மூன்று மணி நேரம் ஆகியிருக்கும்.

மூன்று மணி நேரம். அப்படியென்றால் ஆறு மணி.

8:41-க்குக் கதவைத் திறந்து ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் பேரம் பேசியது...

“என்னங்க, கையில என்ன?” என்றாள் ரஷீதா. காகிதத்தின் ஓரத்தில் இருந்த ஸ்டேப்ளர் முள் அவன் இடதுகையின் இரண்டு விரலில் ஏறியிருந்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல். ரத்தம் வந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியவில்லை. திலக் நகர் டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். நரம்பில் ஒன்றும் கோளாறு இல்லை என்றார். தோலைத் தொட்டு ரகம் சொன்ன விரல்கள் அவை. உள்ளே எல்லாம் செத்த பிறகும் உயிரோடு இருந்தவை. இப்போது ஆட்டுத்தோலும் ரெக்சினும் அவற்றுக்கு ஒன்றுதான்.

அழுகை இன்னும் வரவில்லை. வண்டியை விற்கச் சொல்கிறாள் ரஷீதா. அவன் விற்கவில்லை. கியர் பிடியையும் மாற்றவில்லை. மணியும் அன்றோடு நின்றதுதான். தினம் தியோனார் சிக்னலில் நிற்கும்போது மட்டும் இடது பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறான்.

காக்கா சொன்னதை மீறி, பார்க்காத சரக்குக்குத் துண்டுக்குள் கையை மூடியவன் அவன். இரண்டு என்று கேட்டது. இரண்டையும் எடுத்துக்கொண்டது. விலை கொடுத்தாகிவிட்டது.

சரக்கு இன்னும் வரவில்லை.

வரும்போது அந்த இடது பக்கக் கதவு பூட்டியிருக்கக் கூடாது, இல்லையா?