பாஸ் இல்லாத பலாப் பலகை

பலா மரத்தை வெட்டுவதற்கும், அந்த மரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு போவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும். மரம் காற்றில் தானாக விழுந்திருந்தாலும் வேண்டும். சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், உத்தியோக வாழ்வின் பாதியை அந்த விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதில்தான் கழித்தேன். ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது என் மச்சானின் தொலைபேசி அழைப்பால்.

மச்சான் என் மனைவியின் தம்பி. நமுனுகுலப் பக்கம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். இளமையில் நாங்கள் இருவரும் ஒரு இசைக்குழுவில் இருந்தோம். அவர் டிரம்ஸ், நான் இரவல் பேஸ் கிட்டார். தை மாதம் பதுளையில் அவருடைய மகளுக்குக் கல்யாணம். பழைய குழு அன்று ஒருமுறை கூடி வாசிக்கப் போகிறது என்ற செய்தியோடு இன்னொரு செய்தியும் சொன்னார்.

“பேஸுக்கு ஆள் வேணாம்னு முடிவாயிருச்சு மச்சான். கீபோர்ட்காரருக்கு இடது கை சும்மாதானே இருக்கு, அதுலயே வாசிச்சிருவாராம்.”

“அப்ப நான்?”

“நீங்க பந்திய பாத்துக்கங்க. ஒழுங்குமுறை எல்லாம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

ஒருவருடைய இடது கையால் நிரப்பிவிடக்கூடிய வெற்றிடம் நான் என்பதை அன்றுதான் அறிந்தேன். பந்தியில் வாழையிலை ஒழுங்குபடுத்தும் என் உருவம் கண்முன் வந்தது. “கிட்டாரை நானே செய்துகொண்டு வருவேன்” என்று சொல்லிவிட்டேன். கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் கோபத்தில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு எந்த நடைமுறையும் இல்லை.

செய்தால் பழைய பாணியில்தான் என்று தீர்மானித்தேன்: நடுவில் மஞ்சள், விளிம்புக்குப் போகப் போகக் கருப்பு, கம்பிகளை முறுக்கப் பளபளக்கும் பெரிய சாவிகள். மஞ்சளுக்குப் பலாவை விட்டால் வேறேது? மச்சான் வீட்டுக் கொல்லையில் காற்றில் விழுந்து, அறுத்து வைத்த பலா ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் ஒரு பலகையைப் பதுளைக்குக் கொண்டுவர அனுமதி கேட்டேன்.

மச்சான் சிரித்தார். “ஒரு பலகை மச்சான். நான் பஸ்ல போட்டுவிட்டா காலையில உங்க வீட்டு வாசல்ல இருக்கும்.”

“விதி என்று ஒன்று இருக்கிறது” என்றேன்.

விண்ணப்பத்தில்தான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. ‘பேஸ்’ என்று எழுதினால் கட்டடத்து அத்திவாரம் என்று எண்ணுவார்களோ என அஞ்சி, ‘பாஸ் கிட்டார் செய்வதற்காக’ என்று எழுதினேன். எங்கள் ஊரில் தச்சு வேலை செய்பவர் பாஸ், கொத்து வேலை செய்பவரும் பாஸ், அனுமதிப் பத்திரத்துக்கும் பேச்சில் பாஸ்தான் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. அலுவலகத்திலிருந்து ஓர் இளம் உத்தியோகத்தர் அழைத்தார்.

“சேர், பாஸோட கிட்டார்னா பாஸ்தானே விண்ணப்பிக்கணும்?”

“பாஸ்னு யாரும் இல்லம்மா. அது கிட்டார்ல ஒரு வகை.”

“பாஸ் இல்லாம யாரு சேர் செய்யப் போறது?”

“நான்தான்.”

“அப்ப நீங்கதான் பாஸா?” குரலில் திடீரென்று மரியாதை கூடியது. “தச்சுப் பட்டறை பதிவு நம்பர் போடாம விட்டுட்டீங்களே சேர்.”

“எனக்குப் பட்டறை இல்ல.”

“பட்டறை இல்லாத பாஸுக்கு எப்படி சேர் பாஸ் குடுக்கிறது?”

விளக்கமாக நாலு பக்கக் கடிதம் எழுதினேன், படத்தோடு. நாலு பக்கக் கடிதங்களை அலுவலகத்தில் எந்த அலுமாரியின் எந்தத் தட்டில் வைப்போம் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன்.

இதற்கிடையில் கிட்டாரின் கழுத்தும் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பும் கம்பிகளும் சீனாவிலிருந்து வந்து சேர்ந்தன. கடல் கடந்து கழுத்து வந்துவிட்டது. நமுனுகுலயிலிருந்து உடம்பு வரவில்லை. மார்கழியும் பிறந்துவிட்டது. பலகை நகரக் கூடாது என்றுதானே விதி, நான் நகரலாமே என்று தோன்றியது. கழுத்தையும் உளியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மச்சான் வீட்டுப் பின்புறத்தில் பலகையை வாளால் அறுத்து, உளியால் குடைந்து, சேண்ட் பேப்பரால் தேய்த்தேன். பலா இவ்வளவு கனம் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் படித்ததில்லை. கருப்பு விளிம்பு ஒரு பக்கம் பழைய பாணியிலும் மறுபக்கம் அடுப்புக்கரி பாணியிலும் அமைந்தது. கடைசியாக, மலை முழுவதையும் பனி மூடியிருந்த ஒரு காலையில், வெட்டவெளியில் மெருகுக்கு லெக்கர் அடித்தேன். ஈரக் காற்றில் லெக்கர் வெளுக்கும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் அடித்தேன். மத்தியானத்துக்குள் கிட்டார் முழுக்க வெள்ளை படர்ந்துவிட்டது.

மச்சானின் மனைவி எட்டிப் பார்த்தாள். “அண்ணே, விபூதி பூசிட்டீங்களா? சாமி கும்பிடவா, வாசிக்கவா?”

தேய்த்து மறுபடி அடிக்க நாளில்லை. அப்படியே கம்பி கட்டினேன். சத்தம் வந்தது, எனக்கே ஆச்சரியம். கல்யாணத்துக்கு முதல் நாள் இன்னொரு ஆச்சரியம்: நான் செய்தது இன்னும் பலாதான், கல்யாண மண்டபம் இன்னும் பதுளையில்தான். அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை.

வாசலில் நெடுநேரம் நின்றேன். உள்ளே மச்சான் யாருக்கோ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார்: “கீபோர்ட்காரர்ட்ட சொல்லிவைங்க, எங்க மச்சான் கடைசி நேரத்துல பந்திக்குப் போயிருவாரு.” கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன், அனுமதி எதுவுமின்றி, வாழ்க்கையில் முதன்முறையாக.

வழியில் ஒரு பொலிஸ்காரர் ஏறினார். நேராக என்னிடம் வந்தார்.

“ஐயா, இது என்ன?”

“பாஸ்...” என்று தொடங்கி நிறுத்தினேன். “கிட்டார்.”

“வாசிக்கத் தெரியுமா?”

“கொஞ்சம்.”

“நல்லது” என்று என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தூங்கிப் போனார். நான்தான் பதுளை வரை வியர்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தில் முதல் பாட்டு முழுக்க கீபோர்ட்காரர் இடது கையை எடுக்கவேயில்லை. இருவரும் இரண்டு தாளத்தில் ஒரே வேலையைச் செய்தோம், பழைய அலுவலகத்தில் போலவே. இரண்டாவது பாட்டில் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டின் நடுவில் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: “பந்திய யாரு மச்சான் பாக்கிறது?”

பலகையைக் கொண்டுவர அனுமதி அளித்து, அது சீவப்படாமலும் குடையப்படாமலும் முழுமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, பதில் என் கைக்குக் கிடைத்தது மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள்.