சிக்னேயின் தாகம்

சர்ச் அறுவடை விருந்துக்கு ஹால்வர் முதன்முதலாகக் காய்ச்சிய பீர் வெறும் தண்ணீராக இருந்தது. ஆளாளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு மேசையில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு சிக்னே மட்டும் தம்ளரைக் காலி செய்து, "இன்னொண்ணு ஊத்து ஹால்வர், தாகமா இருக்கு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி நீட்டினாள். பிறகு மற்றவர்களும் நீட்டினார்கள். அவளுக்கு நிஜமாகவே தாகம் என்றுதான் இத்தனை வருஷமும் அவன் நம்பியிருந்தான்.

வோஸ் என்ற ஊர்ப்பக்கம் சிக்னே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். வீட்டில் பீர் காய்ச்சும் நாளிலும் பஸ் ஓட்டும் அதே தடித்த கையுறைதான். அடுப்பு மூட்டுமுன் கண்ணை மூடி உதட்டை அசைப்பாள். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் ஒற்றைக் கண்ணைத் திறந்து முறைப்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்வாள்.

போன சனிக்கிழமை அவள் காய்ச்சியது தன் மகள் இங்வில்லின் கல்யாணத்துக்கு. பெண் வீட்டில் காய்ச்சியதைத்தான் சம்பந்தி முதலில் குடிப்பார். அவர்களோ அடுத்த பள்ளத்தாக்கில் பீருக்குப் பேர்போனவர்கள்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாறு, கொப்பரையில் அளவுக்குச்சியின் குறியைத் தாண்டி நின்றது. உதவிக்கு வந்த ஹால்வர் அதில் கண்ணாடி மிதவையைப் போட்டான். சாறு கெட்டியாக இருந்தால் மிதவை எழும்பி நிற்கும். இது கழுத்துவரை முழுகியது.

"போச்சு. என்னோடதை விட மோசம்."

"சூட்டுல போட்டா அது பொய்தான் சொல்லும். ஆற வைடா."

ஒரு குவளையில் மொண்டு வாசல் பனியில் புதைத்தாள். ஆறியதும் மிதவை கொஞ்சம் எழும்பியது. போதவில்லை.

"சர்க்கரையைக் கொட்டிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"சம்பந்திக்கு நாக்கு இல்லைன்னு நெனச்சியா?"

சக்கையில் ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "முழுசு முழுசாக் கெடக்கு. அரைக்கிற மிஷின்ல உருளை விலகியிருக்கு. இனிப்பு உள்ளேயே மாட்டிக்கிச்சு. அது தெரியாம நான் வேற தண்ணியா ஊத்தி அலசியிருக்கேன்."

இனிக் கொதிக்கவிட்டு நீரைச் சுண்டவைப்பதுதான் வழி. ஆனால் சாறு கெட்டிப்பட்டால் அளவு இறங்கும். குச்சியில் கீழே இன்னொரு குறி இருந்தது. அதற்கும் கீழே போனால் கல்யாணக் கூட்டத்துக்குப் பற்றாது.

மத்தியானம் முழுக்க சிக்னே கொப்பரையை விட்டு நகரவில்லை. மிதவையைப் பார்ப்பாள், குச்சியைப் பார்ப்பாள், மறுபடி மிதவை. "சம்பந்தி வீட்டுல ஆளைக் குறைக்கச் சொல்லேன்" என்றான் ஹால்வர். அவள் சிரிக்கவில்லை.

சாறு கீழ்க்குறியைத் தொட்டது. ஆறவைத்துப் போட்ட மிதவை, நிற்கவேண்டிய இடத்துக்கு ஒரு நகக்கண் அளவு கீழேயே நின்றது.

"இன்னும் கொஞ்ச நேரம் விடேன், சிக்னே."

அவள் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் பனியில் போட்டாள். "மெலிசா இருந்தாலும் ஊத்தலாம். இல்லாததை எப்படி ஊத்துறது?"

வேலிப்படல்வரை வழியனுப்ப வந்தாள். கையுறையைக் கழற்றி அவன் தோளில் கை வைத்தாள்.

"கல்யாணத்தன்னைக்கு சம்பந்தி பக்கத்துல உக்காரு. முதல் தம்ளரை மிச்சம் வைக்காமக் குடி. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி இன்னொண்ணு கேளு. தாகமா இருக்குன்னு சொல்லு."